முதுகில் ஒட்டிய சிவப்பு அம்பு

கோபத்தை வக்கீலிடம் சொல்லி மனுவாக்கிவிடலாம். கைப்பழக்கத்தை எங்கே கொண்டுபோய் மறைப்பது? குடும்ப நீதிமன்றத்தில் என் மானத்தை வாங்கியது என் கைதான்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நான் செக்கிங் சூப்பர்வைசர். தையலில் குறை தெரிந்தால் அந்த இடத்தைக் காட்டி சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவோம். பன்னிரண்டு வருடமாக இதே வேலை; ஸ்டிக்கர் ரோல் வீட்டிலும் கைக்கெட்டும் தூரத்திலேயே கிடக்கும். (கல்யாணப் பந்தியில்கூட எதிரில் இருப்பவரின் காலரைத்தான் பார்ப்பேன்.)

எனக்கும் வீட்டுக்காரருக்கும் ஒத்துப்போகவில்லை. எதைக் கேட்டாலும் வாயைத் திறக்காத மனிதர் அவர். வாயை மூடத் தெரியாதவள் நான். மகளின் படிப்புக்காக ஒரே வீட்டில் இருந்தபடியே பிரிவதென்று முடிவானது. ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்ததாகக் காட்ட வேண்டுமாம். தனி அறை, தனி அடுப்பு, அவர் வேலை எதையும் நான் தொடக்கூடாது என்று வக்கீல் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். துணி காயப்போடும் கொடி மட்டும் பொது.

குடும்ப நீதிமன்றத்துக் கவுன்சலரம்மா அதைத்தான் முதலில் கேட்டார். நான் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்: "ஒரு வருசமா அவரு சட்டையக்கூட நான் ஏறெடுத்துப் பாக்கலீங்க, மேடம்."

அந்த நேரம் பார்த்து, வீட்டுக்காரர் நோட்டில் கையெழுத்துப் போடத் திரும்பினார். முதுகில், பிரிந்த தோள் தையலைக் காட்டியபடி ஒரு சிவப்பு அம்பு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கொடியில் என் துணியை எடுக்கும்போது கை தன்பாட்டுக்கு ஒட்டியிருக்கிறது!

யார் ஒட்டியது என்று கவுன்சலரம்மா கேட்டார். வாயே திறக்காத மனிதர் அன்றைக்குத் திறந்தார்.

"வாரத்துக்கு ரெண்டு மூணு வருமுங்க, மேடம். பாத்து நானே தெச்சுக்குவனுங்க. இன்னைக்கு அவசரத்துல உட்டுட்டனுங்க."

வருடம் முழுக்க நான் ஒட்டியிருக்கிறேன், அவர் தைத்திருக்கிறார். எனக்கே தெரியவில்லை.

"அப்போ இவர் உங்களுக்கு வேண்டாத பீஸா?" என்றார் கவுன்சலரம்மா.

தொழில் தெரியாமல் பேசினால் எனக்குப் பொறுக்காது. "ரிஜெக்ட் பீஸுக்கு ஆராச்சும் ஸ்டிக்கர் ஒட்டுவாங்களா மேடம்? சரி பண்ணி எடுத்துக்கற பீஸுக்குத்தானுங்க ஒட்டுவோம்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. கூட வந்திருந்த வக்கீல் தலையில் கைவைத்துக்கொண்டார். அடுத்த வாரமே மனுவைத் திரும்பப் பெற்றோம்.

இன்றும் நான் குரலை உயர்த்தினால் மகள் ஸ்டிக்கர் ரோலை எடுத்து வந்து, "இன்னைக்கு எங்க ஒட்டறதும்மா?" என்பாள். அவர் திரும்பி முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்.