எனக்கு நானே கொடுத்த நற்சான்று

அன்பும் பாசமும் கொஞ்சம் பயமும் கலந்து அக்காவுக்குத் தம்பி எழுதிக்கொள்வது. நீயும் அத்தானும் அத்தானின் இடது முழங்காலும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே நானும் சௌக்கியம். இந்த வரியை மரியாதைக்காக எழுதியிருக்கிறேன், மீதியைப் படித்துவிட்டு நீயே ஒரு முடிவுக்கு வா. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பாய். போனில் நான் ஒரு விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் நீ மூன்று யோசனை சொல்லிவிடுகிறாய். கடிதத்தில் நான் மட்டும்தான் பேச முடியும். ஆகவே இதைப் படித்ததும் தயவுசெய்து போனைத் தூக்காதே.

அதாகப்பட்டது (நீ சின்ன வயதிலிருந்து கேலி செய்தும் இந்தச் சொல் என்னை விடவில்லை), எங்கள் ஆபீஸுக்குப் புது மேனேஜர் வந்து பத்து மாதம் ஆகிறது. புதுத் துடைப்பம் நன்றாகப் பெருக்கும் என்பார்கள், இவர் முதல் வாரமே என்னைப் பெருக்கி ஓரமாக ஒதுக்கினார். ஐம்பத்து நாலு வயதுக்காரனை வெளியே போ என்றால் நாலு பேர் கேள்வி கேட்பார்கள், அவனாகப் போனால் கேட்க மாட்டார்கள் என்று யாரோ அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதனால் என் மேசையைத் தூக்கிப் பின்னால் ஒரு அறையில் போட்டுவிட்டார். நாங்கள் விற்ற தண்ணீர்க் குழாய்களில் ஒழுகுகிறது என்று திரும்பி வந்தவற்றை அடுக்கி வைக்கிற அறை அது. இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்காரன் இப்போது அந்த அடுக்கில் ஒருவன். ஆபீஸ் தொலைபேசியையும் என் மேசைக்கே கொண்டுவந்து வைத்துவிட்டார்கள், ஏனென்றால் அதில் புகாரைத் தவிர எதுவும் வராது, மற்றவர்களுக்கெல்லாம் கையில் செல்போன் இருக்கிறது. இந்த அறைக்கு மீட்டிங் தகவல் வராது, டீயும் வராது. டீக்காரரைக் கேட்டேன். "லிஸ்ட்ல நீங்க இல்லீங்களே சார்" என்று தலையைச் சொறிந்தார்.

டைப்பிஸ்ட்டை உனக்கு நினைவிருக்கும், பதினைந்து வருஷம் நானும் அவனும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். இப்போது டிபன் பாக்ஸோடு என் அறையைத் தாண்டும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு போகிறான். ஒருநாள் கை கழுவும் இடத்தில் தண்ணீரைப் பார்த்தபடியே, "தப்பா நெனைக்காத, ரெண்டு பொண்ணு வச்சிருக்கேன்" என்றான். "சரி, சாப்பிட்டியா?" என்றேன். கையை உதறிக்கொண்டு போய்விட்டான். அவன்மேல் கோபம் இல்லை என்று எழுதத்தான் நினைத்தேன், ஆனால் இருக்கிறது. அதைவிட அவனோடு சாப்பிட வேண்டும் என்ற ஆசை அதிகமாக இருக்கிறது, அதுதான் வெட்கமாக இருக்கிறது. இப்போதைக்கு என்னோடு பேசுகிறவர்கள் குழாய் ஒழுகுகிறவர்கள் மட்டும்தான், திட்டுவதற்காவது கூப்பிடுகிறார்களே. அவர்களில் ஒரு ரிட்டயர்டு வாத்தியார், குழாயை மாற்றிக் கொடுத்து இரண்டு மாதம் ஆன பிறகும் செவ்வாய்க்கிழமை தோறும் கூப்பிட்டு, "இப்ப ஒழுகல சார்" என்கிறார். நானும் புகார்ப் புத்தகத்தில் "ஒழுகவில்லை" என்று தேதி போட்டு எழுதிக்கொள்கிறேன்.

வேறு வேலை தேடக் கூடாதா என்பாய். தேடாமல் இருப்பேனா, பதினொரு இடத்துக்கு எழுதிப் போட்டேன். ஒரு இடத்தில் காத்திருந்த பிள்ளைகள் நான் உள்ளே நுழைந்ததும், இன்டர்வியூ எடுக்க வந்தவர் என்று நினைத்து எல்லோரும் எழுந்து நின்றார்கள். நானும் வாய் தவறி "உக்காருங்க, உக்காருங்க" என்றுவிட்டேன், பிறகு அவர்கள் நடுவில் போய் நானும் உட்கார வேண்டியதாயிற்று. கடைசியாகப் போனது பள்ளிக்கூடங்களுக்கு மேசை நாற்காலி செய்கிற கம்பெனி. அங்கே ஆள் எடுக்கிற அம்மா, நம் வயதுதான் இருக்கும், "கோபமா வர்றவங்கள எப்படிச் சமாளிப்பீங்க?" என்று கேட்டார். "அதாகப்பட்டது, அவங்க முதல்ல பேசி முடிக்கட்டும்மா" என்றேன். அதை அப்படியே குறித்துக்கொண்டார். ஒரு படிவம் கொடுத்து, இப்போதைய மேலதிகாரியின் தொலைபேசி எண்ணைக் கேட்டிருந்தார்கள், எவன் கூப்பிடப் போகிறான் என்று ஆபீஸ் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அக்கா, நேற்றுக் காலை பதினொரு மணிக்குக் கூப்பிட்டார்கள். எடுத்தது யார்? இந்த ஆபீஸில் அந்தப் போனை எடுப்பதற்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? "உங்க ஆபீஸ்ல வேலை பாக்கறவரைப் பத்தி மேனேஜர்கிட்ட விசாரிக்கணும்" என்று அந்த அம்மா என் பெயரையே சொன்னார். கதவுக் கண்ணாடி வழியாக மேனேஜர் பத்தடி தூரத்தில் தெரிகிறார். அவரைக் கூப்பிட்டால் அந்த வேலையும் போகும், இந்த வேலையும் போகும். அவர் சீட்டில் இல்லை என்று சொன்னால் அவருடைய செல் நம்பரைக் கேட்பார்கள். இரண்டுக்கும் நடுவில் என் வாய் தானாகத் திறந்து, குரலைக் கனப்படுத்திக்கொண்டு, "மேனேஜர்தான் பேசறேன், பாயிண்டுக்கு வாங்க" என்றது. இது அவர் தினம் நூறு தடவை சொல்வது.

ஆள் எப்படி என்று கேட்டார். போட்ட வேஷத்துக்குப் பொருத்தமாக இருக்க வேண்டுமே என்று, "வயசாயிடுச்சும்மா. எல்லாத்துக்கும் நேரம் எடுத்துப்பாரு. புதுசா எதுவும் மண்டையில ஏறாது" என்று ஆரம்பித்துவிட்டேன். எல்லாம் அவர் என் முகத்துக்கு நேரே சொன்னவைதான், பத்து மாதம் கேட்டுக் கேட்டு மனப்பாடமாகிவிட்டது, தடையில்லாமல் வந்தது. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது இதுதான். அந்த அம்மா, "அப்போ இவரு வேண்டாங்கறீங்களா சார்?" என்றார். எனக்கு மேனேஜர்மேல் வந்தது பார் ஒரு கோபம். "யார் சொன்னது வேண்டாம்னு? அதாகப்பட்டது, எதிர்ல இருக்கறவங்க பேசி முடிக்கிற வரைக்கும் அவரு கேப்பாரு, அதுக்குத்தான் நேரமாகுது. இங்க அதுக்கு வேற ஆள் கிடையாது" என்றேன். "இவ்வளவு நல்லவரு ஏன் சார் வேற வேலை தேடறாரு?" என்றார். "அது எங்க தப்பும்மா. நாங்க அவரைச் சரியா நடத்தல" என்றேன். பத்து மாதமாக யாராவது ஒருவர் சொல்ல மாட்டாரா என்று காத்திருந்த வார்த்தை அது. என் வாயிலிருந்துதான் வந்தது, இருந்தும் கண் கலங்கிவிட்டது. வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டபோது, "தனியாத்தான் சாப்பிடறாரு. உங்க எடத்துல யாராவது கூட உக்காந்தா நல்லாருக்கும்" என்றேன். அதையும் குறித்துக்கொண்டார் போலிருக்கிறது. பிறகு "சரிங்க சார்" என்று வைத்துவிட்டார்.

நேற்றிலிருந்து சோறு இறங்கவில்லை. ஆள்மாறாட்டம் செய்து ஒரு வேலையில் போய் உட்கார்ந்தால் அந்த நாற்காலி என்னைக் குத்தும். அதனால் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று அந்தக் கம்பெனிக்குக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன், இதோடு சேர்த்து இன்று தபாலில் போட்டுவிடுவேன். ஓய்வு பெற இன்னும் நாலு வருஷம், பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடலாம், செவ்வாய்க்கிழமைகளில் வாத்தியார் வேறு இருக்கிறார். நீ கவலைப்பட்டுக் கிளம்பி வராதே. அத்தானிடம் இதைச் சொல்லாதே, சிரிப்பார். சரி, சொல், யாராவது சிரிக்கட்டும்.

அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி, முழங்காலை விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
உன் யோசனை எதுவும் கேளாத தம்பி

பி.கு.: மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடு. உறையை ஒட்டப்போன நேரத்தில் மேசைமேல் இருந்த ஆபீஸ் போன் அடித்தது. அதே அம்மா. "மேனேஜர் சார்தானே?" என்றார். உண்மையைச் சொல்லிவிடுவது என்று, "அதாகப்பட்டது..." என்று ஆரம்பித்தேன். "அவரும் இன்டர்வியூல அஞ்சு தடவை அதாகப்பட்டதுன்னாரு சார். ஒரே ஆபீஸ்ல இருந்தா தொத்திக்கும்போல" என்றார், சிரிக்காமல். நான் மேலே சொல்வதற்குள் அவரே தொடர்ந்தார். "அவர்கிட்ட ஒண்ணு சொல்லிடுங்க சார். ஒண்ணாம் தேதி வந்து சேரட்டும். எங்களுக்கு ஒரு மணிக்குச் சாப்பாடு. என் பக்கத்துல ஒரு நாற்காலி காலியாத்தான் இருக்கு, நானும் தனியாத்தான் சாப்பிடறேன்" என்றார். "சொல்லிடறேம்மா" என்றேன்.

அந்தக் கம்பெனிக்கு எழுதிய கடிதத்தைக் கிழித்துப் போட்டாயிற்று. வாத்தியாருக்கு என் சொந்த நம்பரைக் கொடுக்க வேண்டும். மற்றபடி ஒரே ஒரு சிக்கல்தான், கூட உட்கார்ந்து சாப்பிடுகிறவரிடம் என்ன பேசுவது என்று எனக்கு மறந்துபோய்விட்டது. இதைப் படித்த கையோடு போன் பண்ணு அக்கா. எத்தனை யோசனை வேண்டுமானாலும் சொல், நீ பேசி முடிக்கிறவரை கேட்கிறேன்.