நனைஞ்ச தீப்பெட்டியின் முதல் ரசிகை

"அன்புள்ள சத்யப்பிரியாவுக்கு, வருகிற ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் கச்சேரி. முதல் வரிசையில் உனக்கென்று ஒரு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன். அவசியம் வரவும். மற்றவை நேரில்."

செல்போனில் வந்த செய்தியைப் பிரேம்குமார் மூன்று முறை படித்தார். அந்தச் சத்யப்பிரியா அவர்தான்.

பிரேம்குமாருக்கு வயது நாற்பத்திரண்டு. இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற கம்பெனி ஒன்றில் டெஸ்பாட்ச் சூப்பர்வைசர். மீசையில் பாதி நரை, லேசான தொப்பை. நாலு பேர் கூடுகிற இடத்தில் வாயைத் திறக்க மாட்டார். அப்படிப்பட்ட மனிதர் இருபது வயதுப் பெண்ணாக மாறியதற்கு ஒரு பாட்டு ஆல்பம்தான் காரணம்.

'நனைஞ்ச தீப்பெட்டி' என்று ஒரு இசைக்குழு. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறவர் மகன் ஹபீப் ரகுமான் பாடுவான். கூட மூன்று பேர் வாசிப்பார்கள். எமோ என்று ஒரு வகைப் பாட்டு. மனசுக்குள் அழ வேண்டியதை டிரம்ஸ் அடித்து ஊருக்கே கேட்க அழுவது. அவர்களுடைய முதல் ஆல்பத்தின் பெயர் 'யாரும் வரல'. எட்டுப் பாட்டு. எட்டிலும் யாரும் வரவில்லை.

போன வருஷம் ஒரு மதிய இடைவேளையில் தற்செயலாக அதைக் கேட்டார் பிரேம்குமார். 'பிளவக்கல் கடைசி பஸ்' என்ற பாட்டு முடிந்தபோது டிபன் பாக்ஸ் மூடியைத் திறந்தபடியே உட்கார்ந்திருந்தார். சாப்பிடவில்லை. இளவயதில் சர்ச்சில் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தவர். வேலைக்குச் சேர்ந்த பின் அந்தக் கிட்டாரைத் தொடவே இல்லை. அன்றைக்கு விரல் நுனியெல்லாம் துடித்தது.

இன்ஸ்டாவில் குழுவின் பக்கத்தைப் போய்ப் பார்த்தார். ஒரு கமெண்ட் கூட இல்லை. 'யாரும் வரல' என்பது அங்கே நிஜமாகவே இருந்தது. நெஞ்சு பொறுக்கவில்லை. தன் பெயரில் 'அருமை' என்று எழுதினால், படத்தில் இருக்கிற மீசையைப் பார்த்துப் பிள்ளைகள் இன்னும் சோர்ந்துபோவார்களே என்று யோசித்தார். அங்கேதான் சத்யப்பிரியா பிறந்தாள். படத்துக்கு ஒரு செம்பருத்திப் பூ.

சத்யப்பிரியா எழுதினாள். நன்றாகவே எழுதினாள். பிரேம்குமார் இருபது வருஷமாக யாரிடமும் சொல்லாததையெல்லாம் அவள் சொன்னாள். குழுவின் பக்கத்திலிருந்து பதிலும் வந்தது. 'அன்புள்ள' என்று தொடங்கி 'மற்றவை நேரில்' என்று முடியும். "இந்தக் காலத்துப் பையனுக்கு எம்புட்டு மரியாதை!" என்று வியந்துபோனார். ஒருமுறை இப்படி வந்தது: "வீட்டில் பேச ஆள் இல்லை. பேசினால் பாட்டு பாதியில் நின்றுவிடுமோ என்று வாயை மூடிக்கொள்கிறேன். உனக்கு எழுதும்போதுதான் பேசுகிற மாதிரி இருக்கிறது."

இப்படி எட்டு மாதம் போயிற்று. சத்யப்பிரியா எழுதுவதைப் படிக்க வந்தவர்கள் பாட்டையும் கேட்டார்கள். கேட்டவர்கள் கிறுக்குப் பிடித்து அலைந்தார்கள். சித்திரை வெயிலில் கருப்பு முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு திரிந்தார்கள். ஆல்பத்தின் அட்டைப்படத்தில் செண்பகத்தோப்புப் பாறை மேல் ஒற்றைச் செருப்பு ஒன்று கிடக்கும். அதே பாறையில் தங்கள் ஒற்றைச் செருப்பையும் கழற்றிப் போட்டுப் படம் பிடித்தார்கள். பதினோரு ஒற்றைச் செருப்பைப் பொறுக்கிய வனத்துறைக்காரர் பன்னிரண்டாவதற்குக் காவல் உட்கார்ந்துவிட்டார். இரண்டு ஊருக்கும் நடுவே ஓடுகிற பஸ்ஸில் பாட்டு அலறும். கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்பார், "ஏலே, எவன் வீட்டுலலே எழவு? சத்தத்தக் கொறைங்க."

பிரேம்குமாருக்கு உள்ளுக்குள் பெருமைதான். இந்த நாற்காலிச் செய்தி வருகிறவரைக்கும்.

அன்று சாயங்காலமே பதில் போட்டார். ஞாயிற்றுக்கிழமை தனக்கு நிச்சயதார்த்தம், வர இயலாது, மன்னிக்கவும். தப்பித்தோம் என்று காபி குடித்தார்.

மறுநாள் பதில் வந்தது. "மாப்பிள்ளையை உனக்குப் பிடித்திருக்கிறதா? யோசித்துச் சொல். கச்சேரியை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளி வைத்துவிட்டேன்."

பிரேம்குமாருக்குப் புரையேறியது. பையன் காதலில் விழுந்துவிட்டான் என்று முடிவு கட்டினார். இதை வளரவிடக் கூடாது. "மாப்பிள்ளை வீட்டாருக்குப் பாட்டு என்றாலே ஆகாது. இனி நான் எழுத மாட்டேன். என்னை மறந்துவிடுங்கள்" என்று எழுதினார்.

அதுதான் பெரிய தப்பாகப் போயிற்று. அன்று மத்தியானம் குழுவின் பக்கத்தில் எல்லாரும் பார்க்கும்படி ஓர் அறிவிப்பு. 'எங்கள் முதல் ரசிகை இராஜபாளையம் சத்யப்பிரியாவைக் கச்சேரிக்கு விட மறுக்கிறார்கள். பெரிய மனசுள்ளவர்கள் யாராவது மாப்பிள்ளை வீட்டாரிடம் நல்லபடியாகப் பேசிப் பார்க்கவும்.'

கருப்புச் சட்டைகள் கிளம்பிவிட்டன.

அடுத்த வாரம் வியாழக்கிழமை காலையில் கம்பெனி மெக்கானிக் குருசாமி, லுங்கியை மடித்துக் கட்டியபடி டெஸ்பாட்சுக்குள் வந்தார்.

"சூப்பர்வைசரே, இந்த அநியாயத்தக் கேட்டீயளா? எங்க அக்கா மகளுக்கு நிச்சயம் பண்ணியிருக்கோம்லா?"

"ஆமா, சொன்னீய."

"நேத்து மாப்பிள்ள வீட்டுக்கு அஞ்சு பயலுவ போயிருக்கானுவ. அம்புட்டுப் பேரும் கருப்புச் சட்ட. பொண்ண அடச்சி வைக்காதீய, அவ மனசு வேற எடத்துல இருக்குன்னு அழுதிருக்கானுவ. ஒரு பய அங்கேயே பாட்டும் பாடியிருக்கான்."

"உங்க அக்கா மக பேரு..."

"சத்யப்பிரியா."

பிரேம்குமார் அருகிலிருந்த துணிக்கட்டின் மேல் உட்கார்ந்தார்.

"மாப்பிள்ள வீட்டுல என்ன சொல்லுதாக?"

"என்னத்தச் சொல்லுவாக? யாரு அந்த ஹபீபுன்னு கேக்காக. அந்தப் புள்ளைக்கு அவன் மூஞ்சி கூடத் தெரியாது. எங்க அக்கா மூணு வேள சோறு திங்கல. கல்யாணம் நின்னு போச்சுன்னா அவ உசுரோட இருக்க மாட்டா."

இனி தாமதிக்க முடியாது. பாட்டு கேட்ட சத்யப்பிரியா வேறு, குருசாமியின் அக்கா மகள் வேறு என்று உடனே ஊருக்குத் தெரிய வேண்டும். உண்மையைச் சொல்லிவிடலாம்தான். இரண்டு தடவை சொல்ல வாயெடுத்தார். குருசாமியின் கையில் ஸ்பேனர் இருந்தது.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தவசிமுத்து என்று ஒரு அண்ணன் பிறந்தான். அவன் எழுதினான்: 'என் தங்கை சத்யப்பிரியா நேற்று மூளைக் காய்ச்சலில் காலமாகிவிட்டாள். கடைசிவரை உங்கள் பாட்டைக் கேட்டாள். எங்களைத் தேட வேண்டாம்.'

அனுப்பு பொத்தானைத் தொட்டார். எட்டு மாதம் வளர்த்த பிள்ளையைக் கொன்ற மாதிரியே இருந்தது.

மறுநாள் விடிந்ததும் குருசாமி மறுபடி வந்தார். கையில் பாதி கிழிந்த சுவரொட்டி.

"உசுரோட இருக்க புள்ளைக்குக் கண்ணீர் அஞ்சலி ஒட்டியிருக்கானுவ சூப்பர்வைசரே! பஸ் ஸ்டாண்டு பூராவும்! மாப்பிள்ள வீட்டுலருந்து மாலையோட வந்து எறங்கிட்டாக. எங்க அக்கா மகதான் கதவத் தொறந்தா. மாப்பிள்ளையோட அம்மா மயங்கி விழுந்துட்டாக."

"ஐயோ, பொறவு?"

"தண்ணி தெளிச்சோம். எந்திரிச்சாக. செத்தவ வேற புள்ளைன்னு அப்பத்தான் வெளங்குச்சு. கொண்டாந்த மாலைய வீணாக்க வேண்டாம்னு சாமி படத்துக்குப் போட்டுட்டுக் காப்பி குடிச்சிட்டுப் போயிருக்காக. கல்யாணம் நிக்கல. ஆனா செத்துப்போன அந்தப் புள்ள பாவம், இல்லியா? யாரு பெத்த புள்ளையோ."

குருசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிரேம்குமார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

குழுவின் பக்கத்திலிருந்து பதிலே இல்லை. ஒரு நாள் போயிற்று, இரண்டு நாள் போயிற்று. ரசிகர்கள் ஆயிரம் பேர் அழுது எழுதினார்கள். பக்கம் மட்டும் பேசவில்லை. பிரேம்குமார் நிமிஷத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்தார். 'சாப்பிட்டாயா' என்று கேட்பதற்கு இனி அந்தப் பக்கம் யாரும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பழைய செய்திகளை முதலிலிருந்து படித்தார். பாதிக்கு மேல் படிக்க முடியவில்லை.

சனிக்கிழமை மனைவி ஹெப்சிபா, தட்டில் ஆறிப்போன இட்லியைப் பார்த்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"என்னங்க, கம்பெனில ஏதும் பிரச்சினையா?"

"ஒரு பொண்ணு செத்துப்போச்சு."

"எந்தப் பொண்ணு?"

"நான்தான்."

முழுக்கதையையும் சொன்னார். ஹெப்சிபா முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் நீர் வரச் சிரித்தவள், தவசிமுத்து எழுதிய கடைசிச் செய்தியைப் படித்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"அந்தப் பையன் வீட்டுலயும் இதேமாரி ஒருத்தர் தட்டு முன்னால உக்காந்திருப்பாக. நாளைக்குப் போயி நேருல சொல்லிருங்க. அடிச்சா வாங்கிக்கிட்டு வாங்க."

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலரைக்கே ஸ்ரீவில்லிபுத்தூர் கல்யாண மண்டபம் நிரம்பி வழிந்தது. எங்கே பார்த்தாலும் கருப்புச் சட்டை. முதல் வரிசையில் ஒரு நாற்காலி மட்டும் காலி. அதில் மல்லிகைச் சரம் சுற்றியிருந்தது. இடம் தேடி அலைந்த பிரேம்குமாரை, அந்த நாற்காலிக்கு அடுத்து உட்கார்ந்திருந்த பெரியவர் கையைக் காட்டி அழைத்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, வெள்ளைத் தொப்பி. அந்தக் கருப்புக் கூட்டத்துக்குள் அவர் மட்டும் தனியாகத் தெரிந்தார்.

"இப்படி உக்காருங்க தம்பி. எந்த ஊரு?"

"இராஜபாளையம்ங்க."

பெரியவர் முகம் சட்டென்று அவர் பக்கம் திரும்பியது. "அந்தப் புள்ளைய உங்களுக்குத் தெரியுமா? சத்யப்பிரியாவ?"

சொல்லிவிடலாம் என்றுதான் வந்திருந்தார். ஆனால் அந்தக் கண்களைப் பார்த்ததும் மனசு வரவில்லை.

"இல்லீங்க. தெரியாது."

"ஓகோ" என்றார் பெரியவர். நாற்காலியிலிருந்து நழுவிய பூச்சரத்தை எடுத்து மறுபடியும் சுற்றி வைத்தார்.

ஹபீப் ரகுமான் எட்டுப் பாட்டையும் பாடினான். சத்யப்பிரியாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த மௌனம்தான் பிரேம்குமாரைக் கொன்றது. எவ்வளவு ஆழமான காயமென்றால் பெயரைக்கூட உச்சரிக்க முடியாமல் இருப்பான்! 'பிளவக்கல் கடைசி பஸ்' பாடும்போது கூட்டமே எழுந்து நின்று கூடப் பாடியது. பெரியவர் மட்டும் உட்கார்ந்தபடியே கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார்.

கச்சேரி முடிந்ததும் பிரேம்குமார் மேடைக்குப் பின்னால் போனார். ஹபீப் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். அவன் தங்கை ஹஸீனா தரையில் உட்கார்ந்து மைக் ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"தம்பி, என்னைய மன்னிச்சிரு" என்று ஆரம்பித்த பிரேம்குமார் நிறுத்தவில்லை. செம்பருத்திப் பூ, நிச்சயதார்த்தம், தவசிமுத்து, மூளைக் காய்ச்சல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார். "உன் மனசுல ஆசைய வளத்து நானே கொன்னுட்டேன்யா. நீ எழுதின ஒவ்வொரு எழுத்தும் எனக்கு மனப்பாடம். என்னைய ரெண்டு அடி கூட அடிச்சிரு."

ஹபீப் பாட்டிலைக் கீழே வைத்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை. வருத்தமும் இல்லை. மலங்க மலங்க விழித்தான்.

"அண்ணே, நான் யாருக்கும் எதுவும் எழுதலியே. யாரோ ஒரு ரசிக செத்துட்டாகன்னு மட்டுந்தான் சொன்னாக. நான் அந்தப் பேஜப் பாத்தே ஒரு வருசமாச்சு. யாரும் வரலன்னு வெறுத்துப்போயி அப்பவே விட்டுட்டேன். கச்சேரி தேதி, மண்டபம் எல்லாம் கடையில இருந்தே எங்க அத்தாதான் பாத்துக்கிடுதாக."

"அப்போ அன்புள்ள சத்யப்பிரியாவுக்குன்னு எழுதினது..."

ஒயர் சுருட்டிக்கொண்டிருந்த ஹஸீனா கையை நிறுத்தினாள். திரையை லேசாக விலக்கி, காலியாகிவிட்ட மண்டபத்தின் முதல் வரிசையில் இன்னும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்த வெள்ளைத் தொப்பிப் பெரியவரைப் பார்த்தாள்.

"செத்த மெதுவாப் பேசுங்கண்ணே, அத்தா காதுல விழுந்திரப் போவுது, எங்கம்மா மௌத்தாகிப் போயிச் சேந்த பொறவு அவிய வாய் விட்டுப் பேசினது அந்தப் புள்ள ஒருத்திகிட்டத்தான்."