பதினான்காவது விதி

சிலுவையைப் போட்டு முடித்த பிறகுதான் இன்பமேரியின் காதில் பதினான்காவது விதி விழுந்தது.

"பதினாலு. விடைத்தாள்ல பேரு, ஊரு, கையெழுத்து, சுருக்கொப்பம், சாமிக்கு வேண்டுதல், எந்த மதத்தோட குறியும் இருக்கக்கூடாது. இருந்தா முறைகேடு. மூணு வருசத்துக்குப் பரீட்சை எழுத முடியாது" என்று அறைக் கண்காணிப்பாளர் கலைமணி, கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்று சத்தமாக வாசித்தார்.

இன்பமேரி குனிந்து பார்த்தாள். முதல் பக்கத்தின் உச்சியில், நட்டநடுவில், கறுப்பு ஜெல் பேனாவால் அழுத்தமாக ஒரு சிலுவை. அவள் போட்டாள் என்று சொல்வதற்கில்லை. கை போட்டிருந்தது.

நாமக்கல் நீதிமன்றத்து வாசலில் இருபத்திரண்டு வருடமாகத் தட்டச்சு செய்கிறவள் அவள். காலையில் முதல் தாளை மெஷினில் சுருட்டி விடுவதற்கு முன் பென்சிலால் ஒரு சின்னச் சிலுவை. மெஷின் போய் கம்ப்யூட்டர் வந்த பிறகு, பிரிண்டரில் வைக்கிற கட்டின் முதல் தாளில். மளிகைச் சீட்டிலும் உண்டு. கேஸ் சிலிண்டர் புத்தகத்திலும் உண்டு. பல் துலக்குகிறபோது யாராவது யோசித்தா துலக்குகிறார்கள்?

சட்டக் கல்லூரியின் கடைசிப் பரீட்சை இது. சாட்சியச் சட்டம். இதை முடித்துவிட்டால் வழக்கறிஞர். இருபத்திரண்டு வருடத்தில் அவள் அடித்த மனுக்களை அடுக்கினால் ஒரு லாரி பாரம் வரும். அத்தனைக்கும் அடியில் வேறு யாருடைய கையெழுத்தோ இருந்தது. ஒரு தாளிலாவது தன் கையெழுத்து இருக்க வேண்டும் என்றுதான் மூன்று வருடத்துக்கு முன், நாற்பத்து நான்கு வயதில், பையைத் தூக்கிக்கொண்டு, மகள் வயதுப் பிள்ளைகளோடு சேலம் பஸ் ஏறினாள். முட்டை லாரி ஓட்டும் அவள் கணவர் லாசர் போன வாரமே, "கறுப்புக் கோட்டுக்கு அளவு குடுத்துட்டு வந்துரு மேரி, தையக்காரன் கிறிஸ்துமசு வந்தா கையில சிக்கமாட்டான்" என்று நச்சரிக்கத் தொடங்கிவிட்டார். இப்போது மூன்று வருடம் தடை என்றால், கோட்டு வரும்போது அவளுக்கு ஐம்பது.

இன்னும் ஒரு வரிகூட எழுதவில்லை. எழுந்து, 'மேடம், கை தவறிப் போட்டுட்டேனுங்க' என்று சொன்னால் முடிந்துபோகும் விஷயம். ஆனால் அந்த அறையில் எல்லோருக்கும் அவள் அக்கா. 'அக்காகிட்டக் கேளு, அக்காளுக்குத் தெரியும்' என்கிற அக்கா. தவிர, தட்டச்சுக்காரி தப்பைச் சொல்கிறவள் அல்ல. தப்பு தெரியாமல் சரி செய்கிறவள். ஒற்றைக் கோட்டை வைத்துத் தப்பெழுத்தைச் சரியெழுத்தாக்குகிற வித்தைக்காகத்தான் பாதி வக்கீல்கள் அவளிடம் வருகிறார்கள்.

சிலுவையை உற்றுப் பார்த்தாள். நான்கு முனை. நான்கு முனை என்றால் நான்கு திசை!

மேல் முனையில் 'வ' என்று எழுதினாள். கீழே 'தெ'. வலது பக்கம் 'கி', இடது பக்கம் 'மே'. சுற்றி ஒரு சதுரம் போட்டாள். அடியில், 'சம்பவ இடத்தின் மாதிரி வரைபடம்' என்று எழுதினாள். போலீஸ் வழக்குகளில் வருகிற வரைபடம் மாதிரியே அமைந்துவிட்டது. நெஞ்சு லேசானது.

பிறகுதான் கேள்வித்தாளைப் பிரித்தாள். எந்தக் கேள்வியிலும் சம்பவமும் இல்லை, இடமும் இல்லை.

கேட்காத வரைபடம் ஒன்று விடைத்தாளின் உச்சியில் உட்கார்ந்திருந்தது. திருத்துகிறவருக்கு ரகசியமாக ஏதோ சொல்வது போல இருந்தது. 'வ, தெ, கி, மே.' பார்க்கப் பார்க்க அவளுக்கே சந்தேகம் வந்தது.

பெஞ்சின் மறுமுனையில் இருந்த இளவழகன் மெல்லச் சாய்ந்தான். திருச்செங்கோட்டுக்காரன், அப்பாவுக்குப் போர்வெல் லாரி இரண்டு.

"ஏனுங்கக்கா, முதல் கேள்விக்குப் படம் போடோணுங்களா?"

"உன் பேப்பரப் பாரு சாமி."

"நீங்க போடறீங்களேன்னு கேட்டேனுங்க."

"பேசாம எழுது."

அவன் சந்தேகத்தோடு தன் தாளிலும் ஸ்கேலை வைத்தான். இன்பமேரி பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டி அவனைத் தடுத்தாள்.

இனி ஒளிக்க முடியாது, அடித்துவிட வேண்டியதுதான். ஸ்கேல் வைத்து வரைபடம் முழுவதற்கும் குறுக்கே மூன்று கோடு இழுத்தாள். நேர்த்தியாக வந்தது. இழுத்து முடித்ததும் ஒரு நிம்மதி. பேனாவை எடுக்கும்போது பார்த்தாள். அடித்த இடத்துக்குப் பக்கத்தில், அழகாக, 'இ.மே.' என்று இருந்தது.

பிரமாணப் பத்திரத்தில் எங்கே அடித்தாலும் பக்கத்தில் சுருக்கொப்பம் வேண்டும். இல்லாவிட்டால் நீதிமன்றத்தில் திருப்பிவிடுவார்கள். கட்சிக்காரர்களை நிற்க வைத்து, 'இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு' என்று இருபத்திரண்டு வருடமாகப் போட வைத்தவள் அவள். அந்தப் பழக்கத்தைக் கை இன்றைக்கு அவள் பெயரிலேயே செய்துவிட்டது.

குறி மட்டும் இருந்த இடத்தில் இப்போது ஆளும் வந்தாயிற்று.

வேர்த்துக் கொட்டியது. 'இ.மே.'வின் மேல் பளிச்சென்று ஒரு கோடு கிழித்தாள். கிழித்த வேகத்தில் கை, அந்த அடித்தலுக்கும் பக்கத்தில் ஒரு சுருக்கொப்பம் இட்டது.

இன்பமேரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருடம் சோறு போட்ட கை. அதன்மேல் அவளுக்கு இப்படி ஒரு பயம் வந்ததே இல்லை. தனக்குள்ளேயே, தன்னைக் கேட்காமல், ஒருத்தி உட்கார்ந்து இருபத்திரண்டு வருடமாக வேலை பார்த்துக்கொண்டிருப்பது போல இருந்தது. அந்த ஒருத்திக்கு வக்கீலாவதில் விருப்பம் இல்லையோ என்னவோ.

"தண்ணி ஆருக்குங்க?" என்று கேட்டுக்கொண்டே குடமும் டம்ளருமாக வந்தாள் சௌந்திரம். கல்லூரியின் கடைநிலை ஊழியர். விடைத்தாள்களை எண்ணி முத்திரை குத்துவதிலிருந்து மணி அடிப்பதுவரை அவள்தான்.

தண்ணீர்!

"இங்க ஒரு டம்ளருங்க."

"குடிங்க கண்ணு. மொகமெல்லாம் வெளுத்துப்போயிக் கெடக்குது."

ஜெல் மை தண்ணீர் பட்டால் நிற்காது. ஒரு சொட்டு விட்டால் போதும், தற்செயலாக நடந்தது போல. இன்பமேரி டம்ளரைச் சாய்த்தாள். சொட்டு விழவில்லை. டம்ளரே விழுந்தது.

தண்ணீர் தாளின்மேல் பரவி, பெஞ்சின் வழியாக ஓடி, மறுமுனையில் இருந்த இளவழகனின் விடைத்தாளுக்கு அடியில் புகுந்தது.

"ஐயையோ! அக்கா! எங்கப்பன் ஆயிரம் அடி போட்டாலும் இத்தனை தண்ணி வராதுங்க!" என்று அலறிக்கொண்டு அவன் தன் தாளைத் தூக்கி வீசினான். அது குப்புற வந்து இன்பமேரியின் தாள்மேலேயே விழுந்தது. அவள் பதறிப்போய், அவனுடையதையாவது காப்பாற்றலாம் என்று முந்தானையைச் சுருட்டி அதன் முதுகில் அழுத்தி அழுத்தி ஒற்றினாள்.

கலைமணி ஓடி வந்தார். "என்னம்மா இது, தள்ளுங்க." இரண்டு தாள்களையும் மெதுவாகப் பிரித்தார்.

இன்பமேரியின் முதல் பக்கத்தில் ஒரு கறுப்புக் குட்டை இருந்தது. சிலுவை இல்லை, திசை இல்லை, 'இ.மே.' இல்லை. ஒன்றுமே இல்லை.

"உங்களது மொத்தமும் வீணாப்போச்சும்மா. பரவாயில்லை, வேற தாள் தர்றேன். பதட்டப்படாம எழுதுங்க" என்றார் கலைமணி. புதுத் தாள் வந்தது. வெள்ளை வெளேரென்று.

பிறகு அவர் இளவழகன் பக்கம் திரும்பினார். குரல் மாறியது.

"இது என்னப்பா?"

"எதுங்க மேடம்?"

"உச்சியில. சிலுவை."

இன்பமேரி எட்டிப் பார்த்தாள். எழுத்துகளும் சதுரமும் அடித்த கோடுகளும் கலைந்து அழுக்காகிவிட்டிருந்தன. அழுத்திப் போட்ட, இடம் வலம் மாறினாலும் மாறாத சிலுவை மட்டும் அவன் தாளில் அச்சுப் பிசகாமல் ஏறியிருந்தது.

"நானுங்களா? சிலுவையுங்களா?" இளவழகனுக்கு வாய் குழறியது. "வெள்ளிக்கிழமையானா மலையேறிச் சாமி கும்பிடற ஊட்டுப் பையனுங்க மேடம் நானு! எங்கப்பன் கேட்டா என்னைய ரிக்கு வண்டியில கட்டிவெச்சு அடிப்பாருங்க!"

"எந்தச் சாமின்னு விதி கேக்காது. குறி குறிதான்."

"மேடம், மூணு வருசமுங்களா?"

கலைமணி நீல நிற முறைகேட்டுப் படிவம் ஒன்றை எடுத்தார். இளவழகன் கட்டை விரலை நாக்கில் தொட்டு, அந்தச் சிலுவையைத் தேய்த்துப் பார்த்தான். அது போகவில்லை.

இன்பமேரியின் முன்னால் புதுத் தாள் இருந்தது. அவள் செய்ய வேண்டியதெல்லாம் குனிந்து எழுதுவது மட்டும்தான். 'எனக்கு இதுபற்றி எதுவும் தெரியாது' என்ற வாக்கியத்தை அவள் எத்தனை ஆயிரம் முறை அடித்திருப்பாள்! கையெழுத்துப் போடுகிறபோது பலர் தாளைப் பார்க்கமாட்டார்கள். தட்டச்சுக்காரியின் முகத்தைப் பார்ப்பார்கள். இவளுக்குத் தெரிந்திருக்குமோ என்று. அவளும் தெரியாதது போலவே வாங்கி அடுக்குவாள். அது அவள் வேலை. இன்றைக்குப் பார்ப்பதற்கு யாருடைய முகமும் இல்லை. தேய்த்துக்கொண்டிருந்த அந்தக் கட்டை விரல் மட்டும் கண்ணில் பட்டது.

எழுந்தாள்.

"மேடம், அது என்னோட சிலுவைங்க."

அறை திரும்பிப் பார்த்தது.

"உங்க பேப்பர்ல எதுவும் இல்லையேம்மா?"

"இருந்ததுங்க. அதை அழிக்கத்தான் தண்ணியக் கொட்டினேன்."

"அக்கா!" என்றான் இளவழகன். அதில் நன்றியைவிட, 'எதுக்குக்கா இந்த வேலை' என்கிற திகைப்புதான் அதிகம் இருந்தது.

எழுதி முடிக்க அனுமதித்தார்கள். இரண்டாவது கேள்வி, 'ஒப்புதல் வாக்குமூலம் எப்போது செல்லும்?' இன்பமேரி அதற்கு ஆறு பக்கம் எழுதினாள். வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக எதையும் எழுதியதில்லை. இனி எப்படியும் செல்லாது என்று தெரிந்த பிறகு எழுதுவதில் ஒரு சுகம் இருந்தது. கை சொன்னபடி கேட்டது.

மணி அடித்ததும் முதன்மைக் கண்காணிப்பாளர் அன்பரசுவின் அறைக்குக் கூட்டிப் போனார்கள். நல்ல மனிதர், அதனாலேயே படிவத்தை நிரப்பத் திணறிக்கொண்டிருந்தார். எழுதியதைத் தனக்குத் தானே படித்துப் பார்த்தார்.

"'மாணவி சிலுவை போட்டு அதைத் தண்ணீர் ஊற்றிய பையன்...' ச்சே, இது சரியா வரலையே."

இன்பமேரியால் பொறுக்க முடியவில்லை. "சார், பையனை எதுக்கு அங்க கொண்டுவர்றீங்க? படிக்கிறவங்க அவன்தான் ஊத்துனான்னு நெனைச்சுக்குவாங்க."

"பின்ன எப்படிம்மா?"

"எழுதுங்க சார். 'மேற்படி மாணவி, மேற்படி விடைத்தாளின் முதல் பக்கத்தில், தன் மதக் குறியை இட்டும், அதை மறைக்கும் பொருட்டு அடித்தும், அடித்தலுக்குச் சுருக்கொப்பமிட்டும், பின்பு தண்ணீர் ஊற்றியும்...' கமா போடுங்க. '...சக மாணவருக்கு இடையூறு விளைவித்துள்ளார்.'"

அன்பரசு எழுதினார். படித்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "ரொம்பக் கச்சிதமா இருக்கும்மா. யாராலயும் உடைக்க முடியாது."

"ஆமாங்க" என்றாள் இன்பமேரி. அவள் இதுவரை அடித்த எதையும்விட ஓட்டை இல்லாத குற்றப்பத்திரிகை. அடியில் அவள் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். இத்தனை வருடம் ஆசைப்பட்டது கிடைத்தேவிட்டது. போட்டாள்.

"சாட்சி ஒருத்தர் வேணும் சார்" என்றார் கலைமணி. "தண்ணி குடுத்தது சௌந்திரம் அக்காதான். கூப்பிடட்டுங்களா?"

விடைத்தாள் கட்டுகளுக்குச் சணல் கட்டிக்கொண்டிருந்த சௌந்திரம், கையைச் சேலையில் துடைத்தபடி வந்தாள். அன்பரசு விஷயத்தைச் சொல்லிப் பேனாவை நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். கையெழுத்துப் போடவில்லை.

"சாமிக் குறி இருந்தா அத்தனை தப்புங்களா சார்?"

"தப்புதான். பல்கலைக்கழக விதி."

"புள்ளைங்க நல்லாருக்கோணும்னு மத்தவங்க போட்டா?"

"யார் போட்டா என்னம்மா, பேப்பர்ல இருந்தா முறைகேடுதான். அந்தப் பேப்பர் செல்லாது. போடு சீக்கிரம், கட்டு போகணும்."

சௌந்திரம் வாசலில் அடுக்கியிருந்த கட்டுகளை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப இந்த ஒரு படிவம் பத்தாதுங்க சார், காத்தால முத்திரை குத்தையில நூத்தி அறுவது பேப்பருக்கும் கடைசிப் பக்கத்துல மாரியாத்தா குங்குமம் வெச்சுத்தானுங்க நான் அனுப்பியுட்டேன்."