ஏழு நகலும் ஒரு பரஸ்தானமும்

வெளிநாட்டுக்குச் சுற்றுலா போவது எப்படி என்று இணையத்தில் எழுதுகிறவர்கள் யாராவது என் கையில் கிடைத்தால், உட்காரவைத்து, காப்பி கொடுத்து, அப்புறம் நறுக்கென்று நாலு கேள்வி கேட்பேன். பணத்தை மூன்று இடத்தில் பிரித்து வை என்கிறார்கள். உள்ளூர் மொழியில் ஐந்து வார்த்தை கற்றுக்கொள் என்கிறார்கள். சாக்ஸை எப்படிச் சுருட்டி ஷூவுக்குள் திணிப்பது என்பதற்கே ஒரு மகானுபாவர் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார். பாஸ்போர்ட்டைக் கொண்டுபோய் அடுத்த தெருவில் பரஸ்தானம் வைக்காதே என்று ஒருத்தராவது ஒரு வரி எழுதியிருக்கிறாரா? கிடையாது. (நீ செய்த காரியத்துக்கு அவர்கள் என்ன செய்வார்கள் என்று என் கணவர் கேட்கிறார். அவரையும் உட்காரவைத்துக் கேட்க எனக்குக் கேள்விகள் உண்டு.)

என் கணவர் ராமநாதன் பள்ளிக்கூடத்தில் புவியியல் வாத்தியார். இருபத்தாறு வருஷமாகப் பனிப்பொழிவையும் பனியாறுகளையும் பற்றிப் பாடம் நடத்துகிறவர், பனியைக் கண்ணால் பார்த்ததில்லை. திருவனந்தபுரத்தில் உட்கார்ந்துகொண்டு எங்கே பார்ப்பது? ஒரு நாள் வகுப்பில் ஒரு பெண், "சார் மஞ்ஞு கண்டிட்டுண்டோ?" என்று, பனியைப் பார்த்ததுண்டா என்று, கேட்டுவிட்டாள். அன்று மாலை வீட்டுக்கு வந்த மனிதர் காப்பியைக்கூடத் தொடவில்லை.

"சாரதா, ஒரே ஒரு தடவை பனி விழறதைப் பாத்துடணும். கையில பிடிச்சுப் பாக்கணும்" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து தனக்கென்று ஒன்றும் கேட்காத மனிதர் அவர். நான் விடுவேனா? விசா வேண்டாத, பனி கொட்டுகிற, எங்கள் தெருவில் யாரும் எட்டிப் பார்க்காத நாடாகத் தேடிக் கஜகஸ்தானைப் பிடித்தேன். கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஒரு வாரம். ஷார்ஜா போய், அங்கிருந்து அல்மாட்டி.

அலுவலகத்தில் எனக்கு ஸ்டோர்ஸ் பிரிவு. பட்டியல் இல்லாமல் எனக்கு மூச்சு விட வராது. இந்தப் பயணத்துக்கு நாற்பது பக்கத்தில் கோப்பு போட்டேன். பிளக் பாயின்டின் படம் உட்பட எல்லாம் அதில் இருந்தது. பாஸ்போர்ட்டுக்கு மட்டும் ஏழு நகல். கைப்பையில் ஒன்று, பெட்டியில் ஒன்று, அவர் பனியனுக்குள் தைத்த பையில் ஒன்று என்று ஏழு இடத்தில்.

எல்லாம் முடிந்து பஞ்சாங்கத்தைப் புரட்டினால், கிளம்புகிற செவ்வாய்க்கிழமை வடக்கே சூலம். கஜகஸ்தானோ வடக்கு.

"ஏர்போர்ட்டு நம்மாத்துக்கு மேற்கே இருக்கு. ஷார்ஜாவும் மேற்கு. அப்பறம் என்ன சூலம்?" என்றார் கணவர்.

"கடைசியாப் போய்ச் சேர்ற இடம்தான் கணக்கு."

"கடைசியா நம்மாத்துக்குத்தானேடீ வந்து சேரப் போறோம்?"

புவியியல் படித்தவரோடு திசையைப் பற்றிப் பேசக் கூடாது. பேச்சை நிறுத்திவிட்டுப் பரிகாரத்தில் இறங்கினேன். எங்கள் கிழக்கேகோட்டை அக்ரஹாரத்தில் இதற்கு வழி இருக்கிறது. கிளம்பும் நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்னால் ஒரு நல்ல நாளில், போகிற திசையில் இருக்கும் வேறொருவர் வீட்டில் நம் சாமான் ஒன்றைக் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். அப்போதே நாம் புறப்பட்டுவிட்டதாகக் கணக்கு. பயண நாளில் அதை எடுத்துக்கொண்டு போகலாம். இதுதான் பரஸ்தானம்.

மற்றவர்கள் ஒரு துண்டை வைப்பார்கள், ஒரு குடையை வைப்பார்கள். நான் ஸ்டோர்ஸ் பிரிவு அல்லவா? வெளிநாட்டுப் பயணத்துக்குத் துண்டு எப்படிப் போதும் என்று எனக்குத் தோன்றியது. எது இல்லாமல் பயணமே இல்லையோ அதைத்தானே வைக்க வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை நல்ல நேரம் பார்த்து, இரண்டு பாஸ்போர்ட்டையும் ஒரு பையில் போட்டு, வடக்குத் தெருவில் தனியாக இருக்கும் ஹரிஹர மாமாவின் பூஜை அறையில் வைத்துவிட்டு வந்தேன். (வரும்போது எனக்கு இருந்த பெருமையை நினைத்தால் இப்போதும் என் காதைப் பிடித்துத் திருகிக்கொள்ளத் தோன்றுகிறது.)

"பேஷாப் போய்ட்டு வாங்கோ. செவ்வாக்கிழமை வந்து எடுத்துக்கோங்கோ" என்றார் மாமா.

எத்தனை மணிக்கு என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. என் நாற்பது பக்கத்தில் கஜக் மொழியில் 'நன்றி' இருந்தது. ஹரிஹர மாமாவுக்கென்று ஒரு வரி இல்லை.

செவ்வாய்க்கிழமை விடியற்காலை நாலரை மணிக்கு டாக்ஸியோடு மாமா வீட்டு வாசலில் நின்றோம். விமானம் ஏழே முக்காலுக்கு. கதவு பூட்டியிருந்தது. போன் செய்தேன். மணி வீட்டுக்குள்ளே அடித்தது. மாமா தினமும் பத்மநாபசுவாமி கோயிலில் நிர்மால்ய தரிசனத்துக்குப் போகிறவர். சாவியை இடுப்பில் முடிந்துகொண்டு, போனை வீட்டில் வைத்துவிட்டுப் போவார். கோயிலுக்குள் போன் கூடாது. இது தெருவுக்கே தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தவள்தான் இந்தக் காரியத்தைச் செய்திருக்கிறேன்.

பதினாலு தடவை அடித்துப் பார்த்தேன்.

"இங்கயே உக்காருவோம். நடை சாத்தினா ஆத்துக்குத்தானே வரப்போறார்?" என்றார் கணவர்.

அதைக் கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் நான் எப்படிச் சாரதாவாக இருக்க முடியும்? "கையைக் கட்டிண்டு உக்காந்திருக்கவா நாப்பது பக்கம் எழுதினேன்?" என்று சீறிவிட்டு, டாக்ஸியைக் கோயிலின் கிழக்கு வாசலுக்கு விடச் சொன்னேன்.

பெட்டி எடை மிஞ்சாமல் இருக்கக் கம்பளி உடைகளை எல்லாம் உடம்பிலேயே போட்டுக்கொள்ளும்படி ஓர் இணையதளம் சொல்லியிருந்தது. ஆகையால் கணவர் உடம்பில் ஒரு ஜாக்கெட், ஒரு ஸ்வெட்டர், ஒரு முழுக்கைச் சட்டை, ஒரு கம்பளி பனியன். கோயிலுக்குள் ஆண்கள் மேலே ஒன்றும் போடக் கூடாது, கீழே வேஷ்டிதான் கட்ட வேண்டும். பெண்கள் பேன்ட் போட்டிருந்தால் அதன்மேல் முண்டு சுற்ற வேண்டும். கடையில் இரண்டு முண்டு வாங்கி, போனையும் ஷூவையும் சாமான் வைக்கும் இடத்தில் கொடுத்துவிட்டு, என் கணவரை வெங்காயம் உரிப்பது மாதிரி உரித்தேன். நாலாவது தோலுக்கு வந்தபோது கவுன்டரில் இருந்தவர், "இனியும் உண்டோ?" என்று கேட்டார்.

உள்ளே மாமா இல்லை. வரிசையில் நகர்ந்து, மூன்று வாசல் வழியாகவும் பெருமாளைப் பார்த்து, பிராகாரம் முழுக்கத் தேடி வெளியே வந்தபோது ஐந்தரை ஆகியிருந்தது. போனைத் திருப்பி வாங்கினேன். மாமாவிடமிருந்து ஒன்பது அழைப்புகள் வந்திருந்தன.

நடந்தது இதுதான். நாங்கள் கிழக்கு வாசலில் ஸ்வெட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தபோது மாமா வடக்கு வாசல் வழியாக வெளியே வந்து, வீட்டுக்குப் போய், என் பதினாலு அழைப்பையும் பார்த்துப் பதறி, ஒன்பது தடவை கூப்பிட்டிருக்கிறார். எங்கள் போன் பூட்டுக்குள் இருந்தது. மாமா வீட்டு வாசலுக்கு ஓடி வந்து மறுபடியும் நான் கூப்பிட்டேன். மறுபடியும் அவர் வீட்டுக்குள்ளேயே மணி அடித்தது. மறுபடியும் கதவு பூட்டியிருந்தது.

வாசல்படியில் உட்கார்ந்தோம். வேர்த்துக் கொட்டியது. டாக்ஸி டிரைவர், "பாஸ்போர்ட் இல்லாதெ எங்ஙனெயா மேடம் போவுன்னே?" என்று என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். கையில் ஏழு நகல் இருக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை.

ஆறரைக்கு மாமா வந்தார். நெற்றியில் சந்தனம், கையில் உடைத்த தேங்காய், முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"இத்தனை தடவை கூப்பிட்டிருக்கேளே, என்னமோ தடங்கல்னு தோணித்து. அதான் பழவங்காடி கணபதிக்கு ஒரு தேங்காய் உடைச்சுட்டு, அப்படியே ஸ்ரீகண்டேஸ்வரத்தில உங்க ரெண்டு பேர் நக்ஷத்திரமும் சொல்லி அர்ச்சனை பண்ணிட்டு வரேன். இனிமே ஒரு தடங்கலும் வராது!"

அவரிடம் என்னவென்று கோபித்துக்கொள்வது? பையை வாங்கிக்கொண்டு ஓடினோம். விமான நிலையத்தில் கவுன்டரை மூடிப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது. கெஞ்சினேன். சண்டை போட்டேன். கோப்பைப் பிரித்துக் காட்டினேன். கவுன்டரில் இருந்த பெண் நாற்பது பக்கத்தையும் மரியாதையாகப் பார்த்துவிட்டு, "நல்ல பிளானிங், மேடம்" என்றாள்.

கணவர் நாற்காலியில் உட்கார்ந்து ஜாக்கெட்டைக் கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டார். விமானம் மேலே ஏறும் சத்தம் கேட்டபோது மட்டும் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். அவர் திட்டியிருந்தால் நான் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். அதற்கும் அவர் வழி விடவில்லை.

அடுத்த வருஷம் அவரே டிக்கெட் எடுத்தார். எனக்கு முதல் நாள் சாயங்காலம்தான் சொன்னார். பட்டியல் இல்லை, கோப்பு இல்லை, பஞ்சாங்கத்தை எங்கேயோ ஒளித்துவைத்துவிட்டார். மறுபடியும் செவ்வாய்க்கிழமை. ராகுகாலமோ எமகண்டமோ, எதில் கிளம்பினோம் என்றே தெரியாது. அல்மாட்டியில் இரண்டாம் நாள் காலையில் பனி விழ ஆரம்பித்தது. அவர் கையுறையைக் கழற்றி உள்ளங்கையை நீட்டினார். ஆறு முனை, ஆறு முனை என்று, ஒரு வார்த்தையும் புரியாத டாக்ஸிக்காரரை நிற்கவைத்துத் தமிழிலும் மலையாளத்திலும் அரைமணி நேரம் பாடம் நடத்தினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த முகத்தைப் போன வருஷமே பார்த்திருக்கலாம், நான்தான் கெடுத்தேன் என்று வெட்கமாக இருந்தது.

அந்தப் பயணத்தில் ஒரு சின்ன அசம்பாவிதம் நடந்திருக்கக் கூடாதா? ஒரு பெட்டி தொலைந்திருக்கக் கூடாதா? நடக்கவில்லை. எல்லாம் ஒழுங்காக நடந்தது. அதைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.

இப்போது எங்கள் வீட்டில் எது காணாமல் போனாலும், அது மூக்குக்கண்ணாடியோ ரிமோட்டோ, பெங்களூரில் இருக்கிற என் மகள்கூட போனிலேயே, "ஹரிஹர மாமா ஆத்தில பாத்தியாம்மா?" என்று கேட்கிறாள். பாஸ்போர்ட் இரண்டும் கணவர் பொறுப்பில் இருக்கின்றன. எங்கே வைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. போன வாரம் ஏதோ படிவம் நிரப்ப வேண்டியிருந்தது, கேட்டேன். நம்பரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

"இடத்தையாவது சொல்லுங்கோளேன்" என்றேன்.

"ஆத்துக்குள்ளதான் இருக்கு. ஆனா எந்தத் திசையிலன்னு மட்டும் ஒனக்குச் சொல்ல மாட்டேன்" என்றார்.