கமிட்டிக்குக் காட்டிய மீன்

அளவுக்கு மீறி ஆர்வம் உள்ளவர்களை எந்த அரசு அலுவலகமும் வேலைக்கு எடுக்கக் கூடாது. சோம்பேறியிடம் ஒரு கோப்பு போனால் தாமதமாகும், அவ்வளவுதான். ஆர்வக்கோளாறு பிடித்தவளிடம் போனால் அது நாடாளுமன்றம் வரைக்கும் போகும். யாரையோ கிண்டல் செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த ஆர்வக்கோளாறு நான்தான்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. மீன்வளத்தில் முதுகலை முடித்துவிட்டு, தூத்துக்குடியில் ஒரு துறையின் (பெயர் வேண்டாம், பிழைத்துப் போகட்டும்) வட்டார அலுவலகத்தில் ஒப்பந்த ஊழியராக இருந்தேன். பதவியின் பெயர் 'திட்ட ஒருங்கிணைப்பாளர்'. ஒருங்கிணைக்க எனக்குக் கீழே யாரும் கிடையாது. ஒரு கணினி உண்டு, அதற்கு மேலே மழைக்கு ஒழுகும் ஒரு சன்னல் உண்டு. ஒப்பந்தம் அந்த மாதக் கடைசியோடு முடிகிறது. நீட்டிப்பதும் நிறுத்துவதும் எங்கள் அதிகாரியின் கையில். அப்பா வள்ளக்காரர், கடலுக்குப் போனால்தான் காசு. எங்கள் குடும்பத்தில் மாதம் பிறந்தால் சம்பளம் என்று ஒன்றைப் பார்த்த முதல் ஆள் நான். நீட்டிப்பு கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்று யோசிக்கவே எனக்குப் பயம்.

அந்தச் சமயத்தில்தான் நாடாளுமன்றக் குழு வருகிறது என்று கடிதம் வந்தது. துறை எதற்கெல்லாம் செலவழித்தது, செலவழித்தது செலவழித்த இடத்தில் இருக்கிறதா, கடற்கரையில் எந்தப் பகுதிக்கு யார் பொறுப்பு என்று நேரில் பார்ப்பார்களாம். பார்வையிடும் இடங்களில் முதலாவது, திரேஸ்புரத்துக்கு அந்தப் பக்கம் எங்கள் கரையிலேயே துறை கட்டியிருந்த மீன் ஏலக்கூடம்.

அந்தக் கூடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பளபளவென்று டைல்ஸ், ஈ நுழையாத வலை, கை கழுவத் தொட்டி. எல்லாம் உண்டு. ஆனால் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். ஏறுவதற்கு ஒன்பது படி, ஒவ்வொன்றும் முழங்கால் உயரம். வரைபடம் போட்டவர், மீன் தானாகவே நடந்து வந்து ஏறிக்கொள்ளும் என்று நினைத்திருக்க வேண்டும். தலையில் கூடையோடு எந்தப் பெண்ணாலும் அதில் ஏற முடியாது. அதனால் ஏலம் பத்தடி தள்ளி மணலில் நடக்கும். கூடத்தில் ஆடுகள் நிற்கும். (ஆடுகளுக்குப் படி ஒரு பிரச்சினையே இல்லை.) எங்கள் அறிக்கையில் மட்டும் அது 'முழுப் பயன்பாட்டில்' இருந்தது. அந்த அறிக்கையைத் தட்டச்சு செய்ததும் அடியேன்தான்.

அதிகாரி என்னைக் கூப்பிட்டார்.

"ஜெனி, கூடம் யூஸ்ல இருக்குன்னு எழுதியாச்சு. கமிட்டி வார அன்னைக்கு ஒரு மணி நேரம் யூஸ்ல இருந்தாப் போதும். நீ அந்தக் கரைக்காரப் பொண்ணுதானே, நீ சொன்னா கேப்பாங்க."

"முடிச்சிரலாம் சார்."

"நல்லபடியா முடிஞ்சா உன் ஃபைலு தன்னால நகரும்."

அன்று மாலையே ஐந்து வண்ணங்களில் ஓர் அட்டவணை போட்டேன். திங்கட்கிழமை காலை ஏழு மணி: வள்ளங்கள் வருகை. ஏழு ஐந்து: மீன் கூடத்துக்குள் வருதல். ஏழு பத்து: ஏலம். ஏழு முப்பது: தேநீர், மக்ரூன். ஏழு நாற்பது: நினைவுப் பரிசு. (முத்துக் குளித்த ஊர் என்பதால் முத்துமாலை. பிளாஸ்டிக்தான்.) எங்கள் கரையில் ஏலம் கூறும் சேவியர் மாமாவிடம் பேசினேன். மீன் விற்கும் பெண்களிடம் பேசினேன். அட்டவணையை அதிகாரி பார்த்தார், அவருக்கு மேலே இருந்தவர் பார்த்தார், மாவட்டத்தில் யார் யாரோ பார்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. அவர்களாவது வெளியூர்க்காரர்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போனேன். முன்வரிசையில் சேவியர் மாமா, பக்கத்தில் அப்பா, பின்னால் கரையின் அத்தனை வள்ளக்காரர்களும் தேய்த்த வெள்ளைச் சட்டையில். ஒருவர்கூடக் குறையவில்லை. நாளைக்கும் இப்படியே வந்து நிற்பார்கள் என்று பூரித்துப்போனேன். பிரசங்கம் பாதி ஓடியபோதுதான் தலைகளை இன்னொரு தடவை எண்ணினேன்.

எல்லாரும் இங்கன இருந்தால் கடலில் யார் இருக்கிறார்கள்?

மற்ற நாட்களில் சாயங்காலம் போகிற வள்ளம் விடிய வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எங்கள் கரையில் யாரும் கடலில் இறங்குவதில்லை. திங்கள் விடியலில்தான் வள்ளம் தள்ளுவார்கள், மீன் வர மதியம் தாண்டும். திங்கட்கிழமை காலையில் எங்கள் கரையில் ஒரு நெத்திலியைக்கூடப் பார்க்க முடியாது. திங்கள்தோறும் எங்கள் வீட்டில் கருவாட்டுக் குழம்பு. இருபத்து நான்கு வருடம் அதைத் தின்று வளர்ந்தவள், மீன்வளத்தில் முதுகலைப் பட்டம் வேறு வாங்கியவள், ஐந்து வண்ணத்தில் 'திங்கள் ஏழு மணி, வள்ளங்கள் வருகை' என்று எழுதியிருக்கிறேன்.

கோயில் வாசலில் சேவியர் மாமாவைப் பிடித்தேன்.

"மாமா, இன்னைக்குச் சாயங்காலம் ரெண்டே ரெண்டு வள்ளம் போனாப் போதும்."

"ஏளா, கோயில் வாசல்ல நின்னுக்கிட்டு என்ன பேச்சு பேசுத?"

"பார்லிமெண்டு வருது மாமா."

"வரட்டும். அவுகளும் ஞாயித்துக்கெழம லீவு விடுதாகல்லா."

அப்பா பக்கத்தில்தான் நின்றார். என்னைப் பார்த்துவிட்டு, வானத்தில் காற்று எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போய்விட்டார்.

அதிகாரிக்குப் போன் செய்தேன். "மீன் இல்லன்னா மீன வாங்கு" என்றார். இதுதான் அனுபவம் என்பது. சாயங்காலத்துக்குள் ஒரு குட்டி வேனில் ஆறு பெட்டி ஐஸ் மீன் வந்து இறங்கியது. எந்தக் கடலில் பிடித்ததோ, எத்தனை நாள் ஆனதோ, அந்த மீன் எங்கள் கடலை அதற்கு முன் பார்த்ததே இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

திங்கள் காலை ஆடுகளை விரட்டி, கூடத்தைக் கழுவி, ஐஸைத் தட்டிவிட்டு மீனைக் கூறு கூறாகப் பரப்பினேன். மேலே கடல் தண்ணீரைத் தெளிக்கும் யோசனையும் என்னுடையதுதான். குழு வந்தது. கமிட்டியைப் பார்ப்பதற்கென்றே அப்பாவும் சில வள்ளக்காரர்களும் அன்று வள்ளம் தள்ளாமல் வந்து நின்றார்கள். தலைவர் ஓர் அம்மையார். கூடவே சில உறுப்பினர்கள். அதில் ஒருவர் வயதானவர், வேறொரு மாநிலத்தின் கடற்கரையைச் சேர்ந்தவர், கழுத்தில் சிறிய சிலுவை. ஐந்தாவது படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு மீதியைப் பார்த்தார். அவர்களுக்குப் பின்னால் நாலைந்து அலுவலகங்களின் அதிகாரிகள் கோப்போடு. பேச்செல்லாம் ஆங்கிலத்தில். மொழிபெயர்ப்பாளர், வேறு யார், நான்.

சேவியர் மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் கூறுக்கு விலை கூவினார். சுற்றி நின்ற பெண்கள் மீனைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒரு கை எழவில்லை. மாமா விலையை இறக்கினார். மறுபடி இறக்கினார். கூவிய கூறை யாராவது எடுக்காமல் அடுத்த கூறுக்குப் போவது எங்கள் கரையில் வழக்கமில்லை. அதனால் அவர் இறக்கிக்கொண்டே இருந்தார். கடைசியில் அந்த மீன், கூட ஒரு மக்ரூனும் சேர்த்து இலவசம் என்கிற நிலைக்கு வந்துவிட்டது.

முன்னால் நின்ற மரியபுஷ்பம் அத்தையின் காதில் கெஞ்சினேன்.

"அத்தை, சும்மா கையத் தூக்குங்க. பொய்க்குத்தான்."

"பொய்க்கு எடுத்தாலும் எடுத்தவ நான்தானளா? இந்த மீன நான் எடுத்தேன்னு நாளைக்கு நாலு தெருவுல சொல்லுவாளுவ. பெறவு எவ எங்கிட்ட வாங்குவா?" அத்தைக்கு ரகசியம் பேசத் தெரியாது. கூடம் முழுக்க எதிரொலித்தது.

தலைவர் என்னைப் பார்த்தார். "அந்தம்மா என்ன சொல்கிறார்?"

"இங்கே தரக்கட்டுப்பாடு மிகவும் கடுமையானது என்கிறார், மேடம்."

குழுவின் செயலர் அதைக் குறித்துக்கொண்டார். எங்கள் அதிகாரி லேசாகத் தலையாட்டினார். என் ஒப்பந்தம் அந்த வினாடியில் மூன்று வருடம் நீண்டது.

அப்போது அந்தப் பெரியவர் குனிந்து ஒரு பாறை மீனை எடுத்தார். செவுளைத் தூக்கிப் பார்த்தார். மெதுவாக வைத்துவிட்டுக் கையை முகர்ந்தார். அதட்டியிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். அவர் மிகவும் அன்பாகக் கேட்டார்.

"நீ இந்த ஊர்ப் பெண்தானே அம்மா? நேற்றுப் பூசைக்குப் போனாயா?"

"போனேன், சார்." அப்பாவும் அத்தையும் கோயில் சனத்தில் பாதியும் பார்த்துக்கொண்டிருக்க, வேறு என்ன சொல்வது?

"இவர்களெல்லாம் வந்திருந்தார்களா?"

"எல்லாரும் வந்திருந்தார்கள்." அதைப் பெருமையோடு வேறு சொன்னேன்.

"அப்படியானால் இந்த மீனைப் பிடிக்கக் கடலுக்குப் போனது யார்?"

சேவியர் மாமா கூவுவதை நிறுத்தினார். அதிகாரி லேஞ்சியை எடுத்து முகத்தைத் துடைக்க ஆரம்பித்தார். (கைக்குட்டைக்கு எங்கள் பக்கம் லேஞ்சி. அன்று அவருக்கு ஒரு பாய்மரம் தேவைப்பட்டது.)

புத்தியுள்ளவள் மயங்கி விழுந்திருப்பாள். நான் உண்மையைச் சொன்னேன். அதையாவது ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். ஐஸ் பெட்டியில் ஆரம்பித்து, ஆடுகள், கடலுக்கு முதுகைக் காட்டும் சுவர், 'முழுப் பயன்பாட்டில்' என்று தட்டச்சு செய்த விரல்கள் வரை ஆங்கிலத்திலும் தமிழிலும் மாறி மாறி ஒரே மூச்சில் ஒப்பித்தேன். பொய்க்குப் போட்ட உழைப்புக்கு ஒரு பங்குகூடக் குறையவில்லை.

"படியச் சொல்லுளா, படிய" என்று மரியபுஷ்பம் அத்தை இடுப்பில் குத்தினார். படியையும் சொன்னேன்.

தலைவர் அதிகாரிகள் பக்கம் திரும்பினார். "இந்தப் படிகளுக்கு யார் பொறுப்பு?"

எங்கள் அதிகாரி ஓரடி பின்னால் போனார். "கட்டடம் எங்களுடையது, மேடம். படி கட்டடத்துக்கு வெளியே வருகிறது." அடுத்தவர் ஓரடி பின்னால் போனார். "எங்கள் சாலை படிக்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது." மூன்றாமவர் இரண்டடி போனார். "மணல் எங்கள் எல்லை. மணலுக்கு மேலே நிற்பது எங்களுக்கு வராது." அரசாங்கத்தில் ஒருவருக்கும் சொந்தமில்லாத ஒன்பது படிகளில் ஏறித்தான் நாங்கள் அத்தனை பேரும் அங்கே வந்து நின்றிருந்தோம். இன்னொரு அலுவலகம் பாக்கி இருந்தது. ஆனால் பின்னால் போக இடம் இல்லை, தொட்டி இடித்தது.

மாதக் கடைசியில் எனக்குக் கடிதம் வந்தது. 'திட்டத் தேவை நிறைவுற்றபடியால்' என் சேவை முடிந்தது. அம்மா அதை மூன்று தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "மரியாதையாத்தான் எழுதியிருக்கான்" என்றாள். நான் குசினிக்குள் போய் அடுப்புப் பக்கம் திரும்பி அழுதேன்.

குழுவின் அறிக்கை பிறகு வந்தது. கூடம் பயன்பாட்டில் இல்லை என்று ஒரு வரி. படிக்குப் பதில் சாய்தளம் வேண்டும் என்று ஒரு வரி. கூடவே, உள்ளூர் மீன் விற்கும் பெண்கள் தரக்கட்டுப்பாட்டில் காட்டும் கண்டிப்பைக் குழு பாராட்டுவதாக இன்னொரு வரி. அன்று நான் மொழிபெயர்த்ததில் அதைத்தான் பொய் என்று நினைத்திருந்தேன். சாய்தளம் வந்துவிட்டது. எல்லைத் தகராறில் மணலுக்கு அரையடி மேலேயே நின்றுவிட்டது. சேவியர் மாமா ஒரு பலகையைப் போட்டுச் சேர்த்துவிட்டார். மழை நாட்களில் ஏலம் இப்போது உள்ளேதான். அந்தப் பலகை எந்தத் துறையின் கணக்கிலும் இல்லை.

எனக்கு ஒரு மீன் ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை கிடைத்தது. தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு. நாள் முழுக்கச் செவுளைத் தூக்கிப் பார்க்கிறேன். எங்கள் கரையில் ஆறிப்போன டீ, வாடிய பூ, இரண்டு வருடம் கழித்துச் சொல்லும் சமாதானம், எல்லாவற்றுக்கும் இப்போது 'கமிட்டி மீன்' என்றே பெயர்.

போன மாதம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா, "பொண்ணு என்ன செய்யுது அண்ணாச்சி?" என்று கேட்டார். கம்பெனி பெயரைச் சொல்லுங்கள் என்று அப்பாவிடம் காலையிலேயே படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன்.

அப்பா சொன்னார்: "பார்லிமெண்டுக்கே ஐஸ் மீனக் காட்டுனவ இவதான். தைரியத்துல ஒரு கொறையும் கிடையாது. பூசைக்குப் போனியான்னு மட்டும் கேட்டுறாதிய, எல்லாத்தையும் ஒப்பிச்சிருவா."