கங்காணியின் மாலைப் பெரட்டு

என் மகள் சிவசக்தி கயிற்றின்மீது நடக்கக்கூடாது என்று தீர்மானம் நிறைவேற்றினேன். ஏகமனதாகவே நிறைவேறியது. அப்போது அறையில் நான் மட்டுமே இருந்தேன்.

பூனாகலைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் கங்காணி. காலைப் பெரட்டில் எழுபது பேரை வரிசையில் நிறுத்தி, பெயர் கூப்பிட்டு, மலைக்கு அனுப்புகிறவன். எங்கள் மண்டபத்தில் தினமும் மாலை ஐந்து மணிக்குப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு சர்க்கஸ் பழக்குகிறார், பண்டாரவளை ஷிப்னா டீச்சர். அடுத்த மாதம் பதுளையில் காட்சி. கயிற்றில் நடக்கச் சிவசக்தி தெரிவாகியிருந்தாள். தகப்பனின் கையெழுத்து ஒன்றுதான் குறை.

என் மனைவி பாக்கியலெட்சுமி கொழுந்துக் கூடையை இறக்கியவாறே என் முடிவைக் கேட்டாள். சண்டைக்கு வருவாள் என்று ஏழு நியாயங்களை அடுக்கி வைத்திருந்தேன். ஒன்றுக்கும் வேலை வரவில்லை.

"நீங்க சொல்றது சரிதாங்க. அங்க ஒரு ஒழுங்கு இல்ல. யாரு வந்தா, யாரு வரலன்னு பாக்கவே ஆளில்ல."

"பெரட்டு இல்லாமயா கயித்துல ஏத்துறாங்க?"

"டீச்சருக்குப் பெரட்டு எங்க தெரியும்? முப்பது பிள்ளைங்க, முப்பது பக்கம் நிக்குது. நீங்க ஒருக்காப் பாத்தீங்கன்னா அழுதிருவீங்க."

இருபது வருட அனுபவம் எனக்குள் பொங்கி எழுந்தது. அவள் நீட்டிய தாளில் இரண்டு நிபந்தனைகளை அழுத்தமாக எழுதினேன். கங்காணி பெரட்டுக் கூப்பிடாமல் எந்தப் பிள்ளையும் ஏறக்கூடாது. கயிற்றின் கீழ் மெத்தை இருக்க வேண்டும். இரண்டுக்கும் கீழே முழுப் பெயரில் கையெழுத்தும் இட்டேன். அவள் மை காயும்வரை ஊதி, பத்திரமாக மடித்துக்கொண்டாள்.

மறுநாள் ஐந்து மணிக்கு மண்டபத்திலிருந்து ஆள் வந்தது. கங்காணி இல்லாமல் டீச்சர் ஒருவரையும் ஏற்ற மாட்டாராம். போனேன். முப்பது பிள்ளைகள் நூல் பிடித்தாற்போல் வரிசையில் நின்றார்கள். டீச்சரின் கையில் என் நிபந்தனைத் தாள். அதன் மறுபக்கத்தை அப்போதுதான் கண்டேன். பெற்றோர் சம்மதப் படிவம்.

பெயர்களைக் கூப்பிட்டேன். "சிவசக்தி" என்றதும், "இருக்கேங்க கங்காணி" என்று சொல்லிக் கயிற்றில் கால் வைத்தாள். மறுமுனையை அடையும்வரை நான் மூச்சுவிட்டதாக நினைவில்லை. அவள் ஒருமுறைகூடக் கீழே பார்க்கவில்லை. நான்தான் பார்த்தேன். கீழே கிடந்தது எங்கள் கட்டில் மெத்தை.

வீட்டுக்கு வந்து நியாயம் கேட்டேன்.

"எழுதினது நீங்கதானேங்க" என்று என் பக்கம் ஒரு பாயை நகர்த்தினாள் பாக்கியலெட்சுமி.

பதுளைக் காட்சிக்கான அறிவித்தல் நேற்று ஒட்டப்பட்டது. நடுவில் சிவசக்தியின் படம். அடியில் இருவருக்கு நன்றி கூறியிருக்கிறார்கள்: முதலில் மெத்தை தந்த பாக்கியலெட்சுமிக்கு, அடுத்து அவருடைய கணவருக்கு.