துப்பாக்கியைத் திருப்பிக் கொடுக்கும் முறை

எங்கள் தெருவில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவரின் மாமனார் காலமானபோது சொத்து முறைப்படி பிரிக்கப்பட்டது. வீடு மூத்த மகனுக்கு, தோட்டம் இளைய மகனுக்கு. மகளுக்கும் அப்பாவின் நினைவாக ஏதாவது இருக்கட்டும் என்று அண்ணன் தம்பி இருவரும் கலந்து பேசி, அவருடைய வேட்டைத் துப்பாக்கியைப் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்த மகள்தான் கண்ணாடிக் கடைக்காரரின் மனைவி.

கண்ணாடிக் கடைக்காரர் பரம சாது. கடைக்குள் கொசு வந்தால்கூட விசிறி வழியனுப்புவாரே தவிர அடிக்க மாட்டார். துப்பாக்கியை அலமாரி மேல் வைத்தார். மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் நாற்காலி மேல் முக்காலியைப் போட்டு ஏறுவதைப் பார்த்தார். அன்றே தீர்மானித்துவிட்டார். இதைச் சர்க்காரிடம் ஒப்படைத்துவிட வேண்டும்.

ஆயுத உரிமப் பிரிவு ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருந்தது. பிரிவு அதிகாரி மரியாதையான மனிதர். உட்காரச் சொன்னார்.

"என்ன வேணும்?"

"துப்பாக்கியைத் திருப்பிக் கொடுக்கணும் சார்."

"உரிமம் இருக்கா?"

"மாமனார் பேர்ல இருந்தது."

"அவரை வரச் சொல்லுங்க."

"அவர் காலமாயிட்டார் சார்."

"அப்போ அவரால கொடுக்க முடியாது. உரிமம் இல்லாததால உங்களாலயும் முடியாது. உரிமம் இல்லாம துப்பாக்கி வெச்சிருக்கறது குற்றம், தெரியுமில்ல?"

"அதனாலதான் சார் கொடுக்க வந்தேன்."

"உங்ககிட்ட இல்லாததை எப்படிக் கொடுப்பீங்க? சட்டப்படி உங்ககிட்ட துப்பாக்கியே கிடையாது."

கண்ணாடிக் கடைக்காரர் போர்வையைப் பிரித்து மேசை மேல் வைத்தார். அதிகாரி பார்வையைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"எடுங்க முதல்ல. அது இல்லைன்னு இப்பதான் சொன்னேன்."

"சார், வீட்டுல குழந்தை இருக்கு. பயமா இருக்கு."

"துப்பாக்கியைப் பாத்து ஏன் பயப்படறீங்க? அது தானா சுடுமா? மனுஷன்தானே சுடறான்."

"அப்போ மனுஷனைத் திருப்பிக் கொடுக்கணும்னா எந்தப் பிரிவு சார்?"

"அது பிறப்பு இறப்புப் பிரிவு. கீழ்த்தளம்," என்றார் அதிகாரி. அவர் விளையாடவில்லை.

பிறகு மனமிரங்கி வழி சொன்னார். முதலில் உரிமம் வாங்க வேண்டும். உரிமம் உள்ளவர் எப்போது வேண்டுமானாலும் ஒப்படைக்கலாம். உரிமம் கேட்கக் காரணம் வேண்டும். ஒப்படைப்பதற்காக என்பது காரணமாகாது. வேட்டை என்றால் காட்டின் சம்மதம் வேண்டும். விளையாட்டு என்றால் ஏற்கெனவே பதக்கம் வாங்கியிருக்க வேண்டும்.

"உயிருக்கு ஆபத்துங்கறதுதான் சுலபம்," என்றார்.

"என்னை யாரு சார் கொல்லப் போறாங்க? நான் கண்ணாடி விக்கறவன்."

"அப்படிச் சொல்லாதீங்க. நல்லா யோசிச்சா எல்லாருக்கும் ஒருத்தராவது இருப்பாங்க. குடும்பத்துலேருந்து ஆரம்பிங்க."

குடும்பத்தில் யாரும் அகப்படவில்லை. மனைவியின் அண்ணன் தம்பிகளுக்கு இவரைக் கொல்லும் அளவுக்கு இவர் மேல் அக்கறை கிடையாது. கவலையோடு எதிர்வரிசையிலிருக்கும் ரொட்டிக் கடையில் போய் உட்கார்ந்தார். தினமும் காலையில் கடை திறப்பதற்கு முன் அங்கே டீ குடிப்பது வழக்கம். ரொட்டிக் கடைக்காரரை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். கூடப் பிறந்திருந்தால்கூட அவ்வளவு பிரியமாக இருந்திருப்பார்களா என்பது சந்தேகம்.

விஷயத்தைக் கேட்டதும் ரொட்டிக் கடைக்காரர் கையிலிருந்த மாவைத் தட்டினார்.

"இதுக்கா முகத்தைத் தொங்கப் போட்டுட்டு வந்தே? நான் இருக்கேன்ல தம்பி. நான் உன்னைக் கொல்லறேன்."

"உங்களுக்கு எதுக்கு அண்ணே சிரமம்?"

"இதுல என்ன சிரமம்? கையெழுத்துதானே."

அப்படியே எழுதிக் கொடுத்தார். "மேற்படி நபரைத் தக்க தருணத்தில் கொலை செய்யும் எண்ணம் எனக்கு உண்டு என்பதை எவருடைய வற்புறுத்தலுமின்றி முழு மனதுடன் தெரிவித்துக்கொள்கிறேன்." கீழே கடை முத்திரையும் குத்தினார். கூடவே ஒரு பன்னும் சாப்பிடக் கொடுத்தார்.

பகையை நேரில் பார்த்து உறுதி செய்ய ஒரு விசாரணை அதிகாரி அனுப்பப்பட்டார். சாதாரண உடையில் வந்தவர், கொலையாளியும் கொல்லப்பட வேண்டியவரும் ஒரே டீயை இரண்டாகப் பங்கிட்டுக் குடிப்பதைக் கண்டார். அவர் முகம் வாடிவிட்டது.

"இது எனக்குத் திருப்தியா இல்லை. பகைன்னா பாக்கறவங்களுக்கும் தெரியணும். நாளைக்கு வரேன். தெருவுல நின்னு ஒரு சண்டை போடுங்க. நாலு சாட்சி வேணும்."

மறுநாள் தெருவே கூடியது. நானும் போயிருந்தேன். எங்கள் தெருவில் சுவாரசியமாக எதுவும் நடந்து நாளாகியிருந்தது. இருவரும் எதிரெதிரே நின்றார்கள். ரொட்டிக் கடைக்காரர்தான் ஆரம்பித்தார்.

"டேய், உன்னை விட மாட்டேன்."

"நானும் உங்களை விட மாட்டேன் அண்ணே."

"அண்ணேவா?" என்றார் விசாரணை அதிகாரி. "வேகம் போதாது. உள்ளேருந்து வரணும்."

ரொட்டிக் கடைக்காரர் உள்ளேயிருந்து எதையாவது எடுக்க முயன்றார். கண்ணாடி அகப்பட்டது. "நீ கொடுத்த கண்ணாடியைப் போட்டுட்டு நான் சர்க்கரைக்குப் பதிலா உப்பை அள்ளிப் போட்டேன், தெரியுமா?"

"கண்ணாடி மேல பழி போடாதீங்க. கண்ணாடி இல்லாமலே உங்க ரொட்டி அப்படித்தான் இருக்கும்."

கூட்டம் சிரித்தது. சிரிப்பு ரொட்டிக் கடைக்காரருக்குச் சுருக்கென்று பட்டது.

"போடா. மாமனார் வீட்டுல ஆளுக்கு ஆள் வீடும் தோட்டமும் வாங்கினாங்க. உன் மதிப்புக்கு ஓட்டைத் துப்பாக்கிதான் கிடைச்சுது."

கண்ணாடிக் கடைக்காரரின் மனைவி சன்னலில் நின்றுகொண்டிருந்தார். சன்னலைச் சாத்திக்கொண்டார். அந்தச் சத்தம் கேட்டதும் கண்ணாடிக் கடைக்காரரின் குரல் மாறியது.

"எனக்காவது அது கிடைச்சுது. பெத்த பையன் வெளியூர்லேருந்து எட்டிக்கூடப் பாக்க மாட்டேங்கறான். உங்க மதிப்பு அவ்வளவுதான்."

யாரும் சிரிக்கவில்லை. ரொட்டிக் கடைக்காரர் கடைக்குள் போய்க் கதவை இழுத்தார். விசாரணை அதிகாரி "மிக நன்று" என்று எழுதிக்கொண்டு பேருந்தைப் பிடிக்க ஓடினார்.

அதற்கடுத்த காலை கண்ணாடிக் கடைக்காரர் வீட்டிலேயே டீ குடித்தார்.

உரிமம் வந்தது. கூடவே ஒரு பெட்டித் தோட்டாவும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவும் வந்தது. தோட்டா இல்லாத துப்பாக்கியைச் சர்க்கார் குச்சியாகத்தான் கருதும். குச்சிக்கு உரிமம் செல்லாது. தோட்டாவையும் வாங்கி, உரிமத்தையும் துப்பாக்கியையும் தூக்கிக்கொண்டு மறுபடி மாடியேறினார்.

"ரொம்ப சந்தோஷம். ஆனா இப்போ வாங்க முடியாதே," என்றார் பிரிவு அதிகாரி.

"ஏன் சார்?"

"உங்க உயிருக்கு ஆபத்து இருக்குன்னு நாங்களே விசாரிச்சு உறுதி பண்ணியிருக்கோம். ஆபத்துல இருக்கறவர்கிட்டேருந்து துப்பாக்கியைப் பிடுங்கினா நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்லறது? அவரோட சமாதானம் ஆயிட்டதா எழுதி வாங்கிட்டு வாங்க. அதுவும் சீக்கிரம். அவரும் துப்பாக்கி வாங்கிட்டார்."

"அவர் எதுக்கு வாங்கினார்?"

"எதிர்வீட்டுல துப்பாக்கி வெச்ச பகையாளி இருக்கானே. அவர் உயிருக்கு ஆபத்து இல்லையா?"

நியாயம்தான். அந்த நியாயம் தெரு முழுக்கப் பரவியது. இரண்டு துப்பாக்கிகளுக்கும் நடுவில் குடியிருந்ததால் தையல்காரருக்கு உரிமம் கிடைத்தது. தையல்காரரிடம் துப்பாக்கி இருந்ததால் அவரிடம் சட்டை தைக்கக் கொடுத்தவர்களுக்கெல்லாம் கிடைத்தது. கொஞ்ச நாளில் அது பயம் என்ற நிலையைத் தாண்டி அந்தஸ்து என்ற நிலையை அடைந்தது. துப்பாக்கி வாங்காத வீட்டில் பெண் எடுக்க யோசித்தார்கள். புகைப்படக் கடையில் குடும்பத்தோடு துப்பாக்கி சகிதம் படம் பிடித்துக்கொண்டார்கள். சன்னல் திரைச்சீலைக்குப் பொருத்தமான நிறத்தில் துப்பாக்கி உறை தைத்துக் கொடுத்தே தையல்காரர் மாடி கட்டினார். நானும் ஒன்று வாங்கினேன். மாட்டாவிட்டால் சுவர் மூளியாகத் தெரியும் என்று என் மனைவி சொன்னாள்.

தெருவில் திருட்டு நின்றுபோனது. நடமாட்டமும் நின்றுபோனது. எங்களுடையது முன்மாதிரித் தெரு என்று தெருமுனையில் பலகை வைத்தார்கள். அதை வைக்க வந்தவர்கள் ஓட்டமாக ஓடினார்கள்.

கண்ணாடிக் கடைக்காரர் மட்டும் தன் தீர்மானத்தை விடவில்லை. ஒரு நாள் மத்தியானம், ரொட்டிக் கடையில் கூட்டமில்லாத நேரம் பார்த்துச் சமாதானம் பேசக் கிளம்பினார். வாசல் வரை போனவரை மனைவி கூப்பிட்டார்.

"வெறுங்கையோட போறீங்களா?"

"சமாதானம் பேசத்தானே போறேன்."

"அவர்கிட்ட துப்பாக்கி இருக்கு. நம்மகிட்டயும் ஒண்ணு இருக்கறப்போ எதுக்கு வெறுங்கையோட போகணும்?"

யோசித்தார். எடுத்துக்கொண்டு போனார்.

ரொட்டிக் கடைக்காரர் கதவைத் திறந்தார். அவர் கையிலும் இருந்தது. இருவரும் பின்கட்டு அடுப்பறைக்குப் போய், மாவு மூட்டைகளுக்கு நடுவில் ஆளுக்கொரு முக்காலியில், துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"சமாதானம் ஆயிட்டோம்னு எழுதித் தரணும்," என்றார் கண்ணாடிக் கடைக்காரர்.

"ஆகலையே."

"அது தெரியும் அண்ணே."

அண்ணே என்று கேட்டு வெகு நாளாகியிருந்தது. ரொட்டிக் கடைக்காரர் அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "துப்பாக்கியைப் பத்தி அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. தங்கச்சி சன்னல்ல நின்னதை நான் பாக்கலை."

"நான் உங்க பையனை இழுத்திருக்கக் கூடாது."

"அவன் வரலைங்கறது உண்மைதானே."

"உண்மைன்னா சொல்லிடணுமா?"

ரொட்டிக் கடைக்காரர் மூக்கை உறிஞ்சினார். இந்தச் சமயத்தில்தான் அவர் மனைவி, இருவருக்கும் டீ கொண்டுவரும் நல்லெண்ணத்தோடு, கதவை இடுப்பால் தள்ளினார். கதவுக்குப் பின்னால் சாய்த்திருந்த ரொட்டித் தட்டுகள் மொத்தமாகச் சரிந்தன.

இருவரும் சுட்டார்கள்.

மாவு மூட்டைகள் வெடித்தன. அறை முழுக்க வெள்ளையானது. ஒன்றும் தெரியவில்லை. அந்த வெள்ளைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"தம்பி, இருக்கியா?"

பதில் இல்லை. பிறகு ஒரு தும்மல். "இருக்கேன் அண்ணே. நீங்க?"

"தெரியலை. வந்து தொட்டுப் பாரு."

போலீஸ் வந்தபோது இரண்டு வெள்ளை உருவங்கள் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தன. ரொட்டிக் கடைக்காரரின் மனைவி டீயைச் சிந்தாமல் பிடித்தபடியே நின்றிருந்தார்.

விசாரணை சுருக்கமாக முடிந்தது. இருவர் உயிருக்கும் ஆபத்து இருந்தது சர்க்காருக்கே தெரியும். ஆகவே இருவரும் தற்காப்புக்காகத்தான் சுட்டிருக்கிறார்கள். தாக்கியவர் எவருமில்லை. வழக்கு தள்ளுபடி. ஆனால் சுடப்பட்ட துப்பாக்கிகள் சாட்சிப் பொருள்கள் என்பதால் பிரிவு அதிகாரியே நேரில் வந்து இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். சாட்சிப் பொருள் அறைக்குள் போன எதுவும் திரும்பி வந்ததாக வரலாறு இல்லை.

"இதை முன்னாடியே செஞ்சிருக்கலாமே," என்றார் அவர் அன்போடு. "சுடாத துப்பாக்கியை வாங்கறதுக்குத்தான் விதி இல்லை. சுட்டதை வாங்காம இருக்க எங்களுக்கு அதிகாரமே கிடையாது."

செய்தி பரவியது. அந்த வாரமே தையல்காரர் கண்ணாடிக் கடைக்கு வந்தார். ஆள் இளைத்திருந்தார்.

"எனக்கும் இதைக் கொடுத்துடணும். வீட்டுல நானும் அவளும் சண்டை போட ஆரம்பிச்சா, ரெண்டு பேரும் முதல்ல அலமாரியைத்தான் பாக்கறோம். பார்த்துட்டுப் பேச்சை நிறுத்திக்கறோம். எத்தனை நாளைக்கு இப்படி? நீங்க அனுபவப்பட்டவர். கொஞ்சம் வந்து எதிர்ல நிக்கறீங்களா?"

கண்ணாடிக் கடைக்காரருக்கு யாரிடமும் இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லை. தையல்காரரை நாற்காலியில் உட்காரவைத்து, சுவரில் இருந்த எழுத்துப் பலகையைக் காட்டினார்.

"நிக்கறேன். முதல்ல கண்ணைப் பாத்துடறேன். குறி தப்பணும்னா பார்வை நல்லா இருக்கணும்."

இப்போது அவர் கடையில் எப்போதும் வரிசைதான். தெருவில் எல்லோருமே திருப்பிக் கொடுக்க விரும்புகிறார்கள். கண்ணைக் காட்டிவிட்டு, எதிரில் நிற்க ஆள் தேடுகிறார்கள். நானும் கண்ணாடி மாற்றிவிட்டேன். எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. எனக்கு எதிரில் நிற்க முடியுமா என்று பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். அவர் யோசித்தபோது என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அந்தப் பார்வையைப் பார்த்ததிலிருந்து, துப்பாக்கி இன்னும் கொஞ்ச நாள் வீட்டிலேயே இருப்பது நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது.